நாற்பத்தொரு இங்கிலாந்து

பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலப் பிரபு பதினோரு ஆட்களைத் திரட்டிவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு 'இங்கிலாந்து' என்று பெயர் வைத்துவிடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். தோட்டக்காரன் ஒருவன், குதிரை லாயத்து ஆள் ஒருவன், பக்கத்துப் பண்ணையில் கேட்டு வாங்கி வந்த, பந்து போடத் தெரிந்த இரண்டு பேர், மீதி இடத்துக்குப் பிரபுவும் அவருடைய மச்சானும். எதிரே கென்ட் மாவட்டம் ஆடும். கென்ட் என்பதும் இன்னொரு பிரபு திரட்டிய இன்னொரு கூட்டம்தான். கென்ட் தோற்றால் இங்கிலாந்து வென்றதாகப் பத்திரிகையில் வரும். ஒரு தேசத்தின் பெயர் இவ்வளவு மலிவாகக் கிடைத்ததை நான் அறிந்தது அறுபத்தாறாவது வயதில், பழைய வண்ணாரப்பேட்டையில், குழந்தைகள் உடுப்பு மொத்த வியாபாரக் கடை ஒன்றின் இரண்டாவது மாடியில்.

ஒரு நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பத்திரிகைக்காரனை இரண்டு வகையினர் தேடி வருவார்கள். ஒன்று, வாழ்க்கை வரலாறு எழுதித் தரக் கேட்பவர்கள். இன்னொன்று, பிழை திருத்தக் கேட்பவர்கள். உடுப்புக் கடை முதலாளி இரண்டாவது வகை. தெற்கிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். பேட்டையில் எல்லோரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்பேன். கீழே கடை, முதல் மாடி கிடங்கு. இரண்டாவது மாடியில் பன்னிரண்டு கணினிகளை வைத்து வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தகவல் பதிவு செய்து கொடுத்தார். முதலில் மருத்துவமனைச் சீட்டுகள், அப்புறம் ஏதோ ஒரு நாட்டின் நிலப் பத்திரங்கள், இப்போது இங்கிலாந்தின் பழைய கிரிக்கெட் அணிகள். உலகத்தில் ஆடிய அத்தனை அணிகளுக்கும் ஒரு பட்டியல் தயாரிக்கும் நிறுவனம் அங்கே இருந்தது. அதை அண்ணாச்சி 'கம்பெனிக்காரன்' என்று ஒருமையில்தான் சொல்வார்.

வேலையைச் சொன்னால் எளிது. பழைய ஸ்கோர் புத்தகங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் படமெடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஓர் எண். முன்பே பார்த்த அணி என்றால் பழைய எண், புதிய அணி என்றால் புதிய எண். பதிவு செய்பவர்கள் பத்துப் பேர். சரிபார்ப்பவன் நான். பிழையைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட வேண்டும்.

இதற்கு அறுபது பக்க வழிகாட்டி ஒன்று வந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் 'தயவுகூர்ந்து' இருந்தது. மரியாதை கூடக் கூட விஷயம் குறையும் என்பதை அமைச்சர்களின் அறிக்கைகளைச் சுருக்கிச் சுருக்கியே கற்றவன் நான். இந்த வழிகாட்டியில் சாரம் ஒரே வரி: அணியின் பெயர் மூலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதுவே அணி. அண்ணாச்சிக்கு இது மிகவும் பிடித்திருந்தது. "பெட்டில என்ன லேபிள் ஒட்டிருக்கோ அதான் சார் சரக்கு. பிரிச்சிப் பாக்கப் போனா யாவாரம் நடக்காது" என்றார். எனக்கும் பிடித்திருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். செய்தி அறையில் அச்சில் இருப்பதுதான் இருப்பது.

ஆனால் அந்தப் பெட்டிகளில் இருந்த சரக்கு விசித்திரமானது. 'மணமானவர்கள்' என்று ஓர் அணி, எதிரே 'மணமாகாதவர்கள்'. அடுத்த வருடமும் அவர்களே ஆடுகிறார்கள், ஆனால் போன வருடம் மணமாகாதவர்கள் பக்கம் ஆடிய இருவர் இந்த வருடம் எதிர்ப்பக்கம். அதே அணிதானா? வழிகாட்டியைக் கேட்டால், அதே அணி. ஒரு கை இல்லாத பதினோரு பேருக்கும் ஒரு கால் இல்லாத பதினோரு பேருக்கும் ஆட்டம். போரில் உறுப்பிழந்த முன்னாள் சிப்பாய்களையும் மாலுமிகளையும் புல்வெளியில் ஓடவிட்டு, சீமாட்டிகள் வண்டிகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். மரக்கால் முறிந்ததைக்கூட நிருபர் சுவையாக எழுதியிருந்தார். இருபத்திரண்டு பேர் கொண்ட அணிக்கு எதிராகப் பதினோரு பேர். பலவீனமான பக்கத்துக்கு எதிராளியே இரவல் கொடுத்த ஆட்டக்காரர்கள். இதெல்லாம் சேர்ந்துதான் கனவான்களின் ஆட்டம்.

கனவான் யார் என்பதற்கும் அடையாளம் வைத்திருந்தார்கள். பெயரின் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால் வந்தால் அவர் பொழுதுபோக்குக்கு ஆடும் கனவான். பின்னால் வந்தால், அல்லது வராமலே போனால், கூலிக்கு ஆடுபவர். இரண்டு தரப்பும் ஒரே அணியில் ஆடும், ஆனால் மைதானத்துக்குள் வெவ்வேறு வாசல் வழியாக வரும். நம் டீக்கடைகளில் இதற்கு இரட்டைக் குவளை என்று பெயர். அவர்கள் பாரம்பரியம் என்றார்கள். என் பழைய அலுவலகத்தில் ஆங்கிலக் கிராமத்துப் புல்வெளிகளைப் பற்றிக் கண் கலங்கப் பேசும் நண்பர்கள் சிலர் உண்டு. எல்லாரும் அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கம். அவர்களில் ஒருவரைக்கூட ராயபுரம் ரயில்வே மைதானம் பக்கம் நான் பார்த்ததில்லை.

அந்தப் பத்துப் பேரில் ஒரு பெண் திருவொற்றியூர்க் குப்பத்தைச் சேர்ந்தவள். வயது முப்பத்து மூன்றோ நான்கோ. நானும் திருவொற்றியூர் என்பதால் பெரும்பாலும் ஒரே மெட்ரோவில் வருவோம். கல்லூரி முடித்த பிறகும் ஆறு வருடம் காசிமேட்டு மீன் துறைமுகத்தில் ஒரு கொட்டகையில் இறால் உரித்தவள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவள் வலது கையில் இரண்டு விரல் நகங்கள் ஒழுங்காக வளர்வதில்லை. அந்த இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு மற்ற விரல்களால் தட்டச்சு செய்வாள். அண்ணாச்சியிடம் இரண்டு வருட ஒப்பந்தம், அது அந்த ஆடி மாதத்தோடு முடிவதாக இருந்தது. கடைசித் தொகுதியில் பிழை பத்துக்குள் இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்கு, அதாவது கொட்டகைக்கு. இதை அவள் ஒரு நாள் ரயிலில் எந்த அழுத்தமும் இல்லாமல் சொன்னாள். "பர்மனென்ட் ஆவலன்னா மறுபடியும் எறாதான் சார். அந்த நாத்தத்துக்கு நான் போவ மாட்டேன். ஆனா போவ மாட்டேன்னு சொல்றதுக்கு வேற இன்னா கீது?"

அவளுடைய கடைசித் தொகுதியில் நான் நாற்பத்தொரு வட்டங்கள் போட்டேன்.

எல்லாம் ஒரே வகைப் பிழை. 'இங்கிலாந்து' என்று அச்சிடப்பட்டிருந்த ஆட்டங்களுக்கு அவள் ஒரே எண்ணைக் கொடுக்கவில்லை. அணி எண்ணுக்கான கட்டத்தில், ஒவ்வொரு முறையும் அந்தக் கூட்டத்தைத் திரட்டிய பிரபு யாரென்று தேடி, பிரபுவுக்கு ஓர் எண் கொடுத்திருந்தாள். 'இங்கிலாந்து' என்ற சொல்லைக் குறிப்புக்கான கட்டத்தில் சின்னதாகத் தள்ளியிருந்தாள். பிழைத் தாளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டாள்.

"இன்னா சார் இது, அம்மை போட்ட மாரி வட்டமா போட்டு வெச்சிக்கீற?"

"பேரு இங்கிலாந்துன்னு பிரிண்ட்ல இருக்கும்மா. நீ இடத்துக்கு ஒரு நம்பர் குடுத்திருக்கே."

"அது வேற வேற டீமு சார். இதுல ஆடுன ஒருத்தன் அதுல இல்ல. இவனுங்க பெட் மேட்ச் ஆடிகினு இங்கிலாந்துன்னு எழுதி வெச்சிக்கிறானுங்க. எழுதிட்டா ஆச்சா?"

"எழுதினதைத்தானே நாம பதியணும்."

 அவள் நிதானமாக, புரியாத ஆளுக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"எங்க குப்பத்துல எங்க அண்ணன் டீம் வெச்சிக்கிறான். போன வருசம் ஐஸ் ஃபேக்டரிக்காரரு ஜெர்சி எடுத்துக் குடுத்தாரு, அவரு கடை பேரு. இந்த வருசம் போட் ஓனரு குடுத்தாரு, அவரு புள்ள பேரு. எண்ணூர்ல மேட்சுன்னா ரெண்டு ஆளு கொறையும், தண்டையார்பேட்டலருந்து கூட்டினு போவான். நீ ஜெர்சிய பாத்தா சார் டீம் சொல்லுவ?"

"பின்ன எதைப் பாத்து?"

"டோர்னமென்ட் நோட்டு பாத்துக்கீறியா நீ? டீம் பேர எவனும் கண்டுக்க மாட்டான். பசங்கள கூட்டியார்றான் பாரு, அவன் பேரு, அவன் போன் நம்பரு. அத்தான் முக்கியம். நாளைக்கு சண்ட வந்தா யார போய் கேக்கறது? ஜெர்சியவா கேப்ப?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இது குப்பத்து டோர்னமென்ட் இல்லம்மா" என்றேன். சொன்ன மாதிரியே எழுதுகிறேன், ஏனென்றால் மற்றவர்களின் பேச்சை அப்படித்தான் எழுதுகிறேன்.

"ஆமா சார், இல்லதான்" என்றாள். "அங்க இந்த மாரி ஊரு பேர தூக்கி வெச்சிகினா மூஞ்சி பேந்துரும்."

நான் வட்டங்களை எடுக்கவில்லை. வழிகாட்டி பதினேழாம் பக்கம், அச்சிட்ட பெயரே அணி. விதி தெளிவாக இருந்தது. விதி முட்டாள்தனமாக இருப்பது சரிபார்ப்பவனின் கவலை அல்ல. அவளுடைய கோப்பு ஓரமாக வைக்கப்பட்டது. வேறொரு ஆள் அதே நாற்பத்தொரு ஆட்டங்களையும் ஒரே இங்கிலாந்தாகப் பதிவு செய்தான். அந்தக் கோப்பு போனது.

இரண்டு வாரத்தில் அங்கிருந்து அழைப்பு வந்தது. மாலை நான்கு மணி, அவர்களுக்குக் காலை. அண்ணாச்சி, நான், திரையை இயக்க அவள். மறுமுனையில் மிக மென்மையான குரல் ஒன்று. அந்தக் குரலுக்குரியவர் பழைய ஆங்கில அணிகளில் நிபுணர் என்று அறிமுகம் செய்துகொண்டார். அவர்களுடைய கணினி ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருந்தது. ஒரே வாரத்தில், ஒரே நாட்களில், இரண்டு மாவட்டங்களில் இங்கிலாந்து ஆடியிருக்கிறது. ஒன்றில் ஜெயித்துக்கொண்டிருந்தபோதே இன்னொன்றில் தோற்றிருக்கிறது. குதிரை வண்டிக் காலத்தில் இது எப்படி என்று அவர் தயவுகூர்ந்து அறிய விரும்பினார். பதிவில் தவறு இருக்கலாமோ?

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். தவறு பதிவில் இல்லை, உங்கள் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லும் வாக்கியம் எனக்குத் தயாராகவே இருந்தது. சொல்லவில்லை. முப்பது வருடங்களாக மற்றவர்கள் வாக்கியங்களைத் திருத்தியவன், சொந்தமாக ஒன்றைச் சொல்லத் தாமதிப்பான்.

அந்த இடைவெளியில் அவள் தன் பழைய கோப்பைத் திரையில் திறந்தாள். நாற்பத்தொரு வரிகள், எல்லாவற்றின் மேலும் என் சிவப்பு. ஆனால் அதில் இங்கிலாந்து ஒரே நாளில் இரண்டு இடத்தில் இல்லை. இந்தப் பிரபுவின் ஆட்கள் இங்கே, அந்தப் பிரபுவின் ஆட்கள் அங்கே. முடிந்தது. நிபுணர் 'சுவாரசியமாக இருக்கிறது' என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். அந்தக் கோப்பை அனுப்பச் சொன்னார். யார் தயாரித்தது என்று கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் வழிகாட்டியின் புதிய பதிப்பு வந்தது. எழுபத்திரண்டு பக்கம். பழைய ஆங்கில அணிகளை இனிமேல் அவற்றைத் திரட்டியவரின் அடிப்படையில் பட்டியலிட வேண்டும், அச்சிட்ட பெயர் குறிப்புக் கட்டத்துக்குப் போக வேண்டும். தங்கள் தொடர்ந்த ஆய்வில் இந்தத் தெளிவு பிறந்ததாக முன்னுரை சொன்னது. உதாரணமாகக் கொடுத்திருந்த ஐந்து ஆட்டங்களும் அவள் கோப்பிலிருந்தவை. அவள் கொடுத்த எண்களைக்கூட மாற்றவில்லை. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு பிரபுக்கள் செய்த அதே வேலை: அடுத்தவன் ஆட்களைத் திரட்டி, மேலே தன் பெயர்.

நான் அண்ணாச்சியிடம் போய், அந்த நாற்பத்தொரு பிழைகளையும் நீக்கிவிடலாமே என்றேன்.

"எப்படி சார் நீக்குறது? அன்னைக்கு இருந்த ரூல் பிரகாரம் தப்புதானே" என்றார். கடுமையாக இல்லை, வருத்தமாகவே சொன்னார். "தாளு கம்பெனிக்காரன்ட்ட போயிட்டு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கிய."

"அப்போ சரிபார்த்தவன் தப்புன்னு நான் எழுதித் தரேன்."

"எழுதிராதீங்க சார், புண்ணியமாப் போகும். செக் பண்ண ஆளே தப்புன்னு சொன்னா, நீங்க இதுவரைக்கும் பாத்த மொத்த சரக்கையும் திருப்பி அனுப்பிருவான். பத்துப் பேரு வேலையும் போயிரும்." கொஞ்ச நேரம் மேசையில் விரலால் தட்டினார். "அந்தப் பிள்ளைய நான் விட மாட்டேன் சார். வழி பாத்து வச்சிருக்கேன்."

வழி ஒரு கடிதம். அவரே யாரிடமோ ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வாங்கியிருந்தார். வழிகாட்டியைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் இந்தப் பதிவுகளில் பிழை ஏற்பட்டதாகவும், பயிற்சி பெற்று இனிமேல் கவனமாக இருப்பதாகவும் அவள் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நாற்பத்தொரு பிழையும் ஒரே பிழையாகக் கணக்காகும். ஒன்று பத்துக்குள் அடங்கும். நிரந்தரம்.

அவள் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியும், ஆனாலும் தமிழில் படிக்கச் சொன்னாள். படித்தேன். நல்ல பத்திரிகைத் தமிழில், எதையும் மென்மையாக்காமல். முடித்ததும் என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"நீ இன்னா சொல்ற, போட வேணாங்கிறியா?"

"நீ புரியாம செய்யலையே. அவங்களுக்குத்தான் புரியல. புது வழிகாட்டியே உன்னோடதுதான்."

"தெரியும் சார். பாத்தேன். என் நம்பர அப்டியே போட்டுக்கிறான், மாத்தக்கூட தெரில அவனுக்கு." அவளுக்கு அதில் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் இருந்தது.

"அப்புறம் எதுக்குப் போடணும்? கம்பெனிக்காரன் தான் கண்டுபிடிச்ச மாதிரி எழுதிக்கிட்டான், நீ மக்குன்னு உன்கிட்டயே எழுதி வாங்குறாங்க."

"போடலன்னா?"

 கடிதத்தை அவளிடமே நீட்டினேன்.

"சார், நீ ரோசமா பேசற, நல்லாத்தான் கீது. உன் புள்ள சிங்கப்பூர்ல கீறான். உனுக்கு வூடு கீது. அண்ணாச்சி இன்னிக்கு போன்னா நாளைக்கு பேப்பர் படிச்சிகினு வூட்ல குந்திக்குவ. நான் எங்க போறது? ரோசம் ஐஸ் தண்ணில கைய வைக்குமா?" பேனாவை என் சட்டைப் பையிலிருந்தே எடுத்தாள். "எனக்கு புரியலன்னுதான இதுல கீது? எவன் படிக்கப் போறான் இத? எனக்கு தெரியும், உனக்கு தெரியும். அண்ணாச்சிக்குக்கூட தெரியும்."

தூக்கிய இரண்டு விரல்களோடு, முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள். முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் போட்டாள்.

அன்று முழுக்க நான் எல்லாரையும் வெறுத்துக்கொண்டிருந்தேன். மென்மையான குரலை, முன்னுரையை, கடிதம் தயாரித்த அண்ணாச்சியை, வண்டியில் உட்கார்ந்து மரக்கால் ஓட்டத்தைப் பார்த்த சீமாட்டிகளை. சாயங்கால ரயிலில்தான் பட்டியலில் ஓர் ஆளை விட்டுவிட்டது தெரிந்தது. வண்டியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வரிசையில் என் இடமும் இருந்தது. அவள் கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க விரும்பியவன் நான். நின்றிருந்தால் செலவு அவளுடையது, பார்த்த திருப்தி என்னுடையது. அன்று அவள் வேறொரு பெட்டியில் ஏறியிருந்தாள்.

அடுத்த வாரம் அவள் நிரந்தரமானாள். கழுத்தில் நீல நாடாவில் அட்டை. முதல் வேலையாக அண்ணாச்சி அவளிடம் கொடுத்தது, தவறாகப் போன அந்த நாற்பத்தொரு ஆட்டங்களைப் புதிய வழிகாட்டியின்படி திருத்திப் பதியும் வேலை. நான்கு நாள் அவகாசம். பழைய கோப்பை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். காலை பத்து மணிக்கு அதைத் திறந்து, அப்படியே எடுத்து, புதிய படிவத்தில் ஒட்டினாள். பத்தே காலுக்கு முடிந்துவிட்டது.

"அண்ணாச்சிகிட்ட சொல்லிடாத சார். நாலு நாளுன்னா நாலு நாளுதான்" என்றாள். அந்த நான்கு நாளும் மிக மும்முரமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே அலைபேசியில் அண்ணனுடைய எண்ணூர் ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டாள். நான்காம் நாள் மாலை கோப்பு சரிபார்க்க என் மேசைக்கு வந்தது. ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டேன், ஒன்றைக்கூட விடாமல், இரண்டு முறை. பிழைத் தாளில் பிழைகளின் எண்ணிக்கைக்கு நேராகச் சுழியம் போட்டு என் சுருக்கொப்பத்தை வைத்தேன்.